சேலத்தில் இருந்துகொண்டு 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் வைத்துப் பராமரிக்க முடியுமா? ரேஸ் டிராக்கிலும் ஓட்டலாமா?

முடியும். 2017 முதல் நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஒன்றரை லட்சத்துக்குள் ஒரு விடெக் கிடைக்கிறது, வருடத்துக்கு ரெண்டு தடவை கோவை டிராக்கில் ஓட்டிப் பார்க்க ஆசை, ஏற்காடு மலையும் பக்கத்திலேயே இருக்கிறது, வீட்டில் "பழைய இரும்பு" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபத்தைந்து வயசுக்குப் பக்கம், முதல் வேலை, கல்யாணப் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். நான் வாங்கியபோது என் நிலைமை அதுதான்.

ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "சிட்டியெல்லாம் ஒரு பெர்ஃபாமன்ஸ் காரா, ஈவோவைப் பார்த்திருக்கிறாயா" என்று மிட்சுபிஷியின் அந்த வேகக் காரைச் சொல்லிக் கேட்க யாராவது வருவார்கள். பார்த்திருக்கிறேன் சார், படத்தில். மாதச் சம்பளக்காரன் கைக்கு எட்டுகிற ஜப்பான் வண்டி இதுதான். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். இன்றைக்கு அந்த எண் யாரையும் அசத்தாது. ஆனால் விடெக் என்பதே இதுதான்: வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் உயரம் கூடிய லோப், அதாவது மேடு, ஒன்று தனியாக இருக்கிறது; ஆர்பிஎம் ஏறியதும் ஆயில் பிரஷர் ஒரு பின்னைத் தள்ளி வால்வை அமுக்கும் ராக்கர் ஆர்ம்களைப் பூட்டும், வால்வு இன்னும் அதிகமாகத் திறக்கும், வண்டியின் குரலே மாறும். அந்தக் குரலுக்காகத்தான் வாங்கினேன். ஆயில் குறைந்தாலோ கசடு பிடித்தாலோ அந்தப் பூட்டு விழாது என்பதை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது எனக்குப் பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

இனி என் கதை. 2018 ஏப்ரல். அஞ்சு ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம், பாதி ரோட்டில் தகரம் அடைத்திருந்தார்கள். மத்தியானம் ஒரு கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பத்துத் தடவை திருப்பியிருப்பேன். பின்னால் நின்ற டவுன் பஸ் டிரைவர் என் குடும்பத்தில் ஒருவரையும் விடவில்லை. ரெண்டு பேர் தள்ளிக்கொடுத்து ஓரமாக நிழலில் விட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆனது.

அடுத்த வாரமும் அதே. காலையில் ஒரு குறையும் இல்லை, சாயங்காலமும் இல்லை. மத்தியான வெயிலில் நிறுத்தினால் மட்டும் இந்த நாடகம். முதல் மெக்கானிக் பிளக்கும் ஃபில்டரும் மாற்றினார். இரண்டாமவர் பேட்டரி என்றார். மூன்றாமவர் பின் சீட்டைத் தூக்கி ஃபியூயல் பம்பை மாற்றினார். நான்காமவர், பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்தான் என்று அடித்துச் சொன்னார். சென்னை புதுப்பேட்டையில் பழையது ஒன்று வாங்கி வந்து போட்டேன். மொத்தம் 17,400 ரூபாய். அப்பாவின் பழைய சிவப்பு அட்டைக் கணக்கு நோட்டில் வண்டிச் செலவு எழுதி வைக்கிறவன் நான், அதனால் தொகை துல்லியமாகத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. வண்டியைக் காலையில் கொண்டுபோய் விட்டால், அவர்கள் பார்க்கிற நேரத்தில் அது ஒழுங்காகத்தான் ஓடும். டாக்டரிடம் போனதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற கதை.

அந்த நோட்டுதான் கடைசியில் வழி காட்டியது. ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், எங்கே நிறுத்தினேன் என்று எழுதியிருந்தேன். பதினொரு தடவை. அத்தனையும் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலுக்குள், அத்தனையும் வெயிலில், கண்ணாடி ஏற்றி நிறுத்தியது. சூடாவது இன்ஜின் இல்லை, உள்ளே நாம் உட்காருகிற இடம். அப்புறம் இன்னொன்றும் உறைத்தது: நல்ல நாளில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பின் சீட்டுக்கு அடியில் ரெண்டு விநாடி "ங்ங்" என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். மக்கர் பண்ணும் நாளில் அந்தச் சத்தமே இல்லை. பம்ப் புதுசு. அப்படியென்றால் அதற்குக் கரண்ட் போகவில்லை.

பம்புக்குக் கரண்ட் கொடுப்பது டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலே. தலையை கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் நுழைத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கழற்றினேன். மூடியைத் திறந்தால் உள்ளே சின்ன சர்க்யூட் போர்டு. எனக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. என் சித்தப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் வேலை. முப்பது வருடமாகக் கொலுசு பற்றவைக்கிறவர். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெளிச்சத்தில் போர்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"டேய், இங்க பாரு. பத்தவச்சது விட்டிருக்குது."

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். ஒரு பின்னைச் சுற்றி ஈயத்தில் தலைமுடி அளவுக்கு வட்டமாக ஒரு கோடு. பின் தனியாக, ஈயம் தனியாக நிற்கிறது. குளிர்ந்தால் ஒட்டும், சூடானால் விலகும். சித்தப்பா கையாலேயே பற்றவைக்கச் சொன்னேன். "இது வெள்ளி வேலை இல்லடா, ஊதுனா போர்டு கருகிப்போயிரும்" என்று சொல்லிவிட்டார். டிவி ரிப்பேர் கடைக்காரர் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதுசாக வைத்துக் கொடுத்தார். ஐம்பது ரூபாய் வாங்கினார். அன்றைக்கு மதியம் வேண்டுமென்றே வண்டியை வெயிலில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இதுவரை ஒரு தடவைகூட நின்றதில்லை. தொண்ணூறுகளின் ஹோண்டா வண்டிகளுக்கு உலகம் முழுக்க இருக்கிற வியாதி இது என்று பிறகுதான் படித்தேன். அதை முன்னாடியே படித்திருந்தால் 17,400 மிச்சம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. சித்தப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொலுசு வாங்க வருகிறவர்கள் வெள்ளி விலை எவ்வளவு ஏறினாலும் வாய் திறக்காமல் கொடுக்கிறார்கள். செய்கூலி என்று சொன்னதும் முகம் சுருங்குகிறது. "கடையில மிஷின் கொலுசு இதவிடக் கம்மியாச்சே" என்று ஒரு அம்மா கேட்டார். அவர் கையில் பிடித்திருந்த கொலுசில் எத்தனை இடத்தில் பற்றவைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒன்று விட்டாலும் தூக்கிக்கொண்டு திரும்ப வருவார் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது, பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். சரி, விடுங்கள்.

டிராக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊரிலிருந்து கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போவது சுலபம்: சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி என்று நேர் ரோடு. டிராக் 2.1 கிலோமீட்டர்தான். 1995ல் சிறு விமான விபத்தில் இறந்துபோன கரிவரதன் பெயரில் இருக்கிறது. கோவையில் உட்கார்ந்துகொண்டே ரேஸ் கார்கள் கட்டிய மனுஷன் அவர்.

முதல் தடவை போனபோது நான் தயாராகிவிட்டதாகத்தான் நினைத்தேன். புது டயர், புது ஆயில், காற்று வடிகட்டிக்குக்கூட ஏதோ விலை உயர்ந்தது போட்டிருந்தேன். ஆறாவது சுற்றில், நேர்ப்பாதை முடிவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போனது. ரெண்டாவது மிதிக்குக் கொஞ்சம் பிடித்தது, மூன்றாவதுக்கு இன்னும் கொஞ்சம். வளைவுக்குப் பக்கத்தில் இருந்த மண்ணில் இறங்கி நின்றேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கால்தான் ரொம்ப நேரம் நடுங்கியது.

காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140தான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழியை அமுக்கினால் அமுங்குமே ஒழிய பிரேக்குக்கு அழுத்தம் போகாது. என் வண்டியிலிருந்து வடித்த ஆயில் காலை டிகாஷன் நிறத்தில் இருந்தது. அதை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்றோ, முந்தைய ஓனருக்கே தெரிந்திருக்காது. இப்போது டாட் 4 ஊற்றுகிறேன். டிராக்குக்குப் போவதற்கு முந்தின வாரம் தவறாமல் மாற்றிவிடுவேன், மூன்று சுற்று வேகமாக ஓட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுவேன். பவர் கூட்டுவதற்குச் செலவழிக்கும் முன்னால் பிரேக், ரேடியேட்டர், ஹோஸ் என்று செலவழியுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உள்ள கடைக்குப் போகவே போகாதீர்கள். நம் ஊர்த் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து அடைத்துவிடும்.

டிராக்கில் அடிபட்டால் சாதாரண இன்ஷூரன்ஸ் பைசா தராது. ரேஸும் வேகச் சோதனையும் பாலிசியிலேயே விலக்கப்பட்டவை. எடுத்துப் படியுங்கள்.

ஏற்காடு விஷயத்தில் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. அது டிராக் இல்லை. காப்பித் தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் போகிற வழி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற வழி. ஞாயிற்றுக்கிழமையானால் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியே தெரியாமல் நியூட்ரலில் உருண்டு இறங்குகிறவர்களும், குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட் போட நடு வளைவில் நிறுத்துகிறவர்களும் போதாதென்று நாமும் வேறு வேண்டாம். நானும் மலைக்குப் போகிறேன், காலை ஆறு மணிக்கு, இரண்டாம் கியரில் ஏறி இரண்டாம் கியரிலேயே இறங்குகிறேன். பிரேக் எரிந்த வாடை வந்தால் நீங்கள் இறங்கும் முறை தப்பு என்று அர்த்தம்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வு வளைந்துவிடும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, சேர்த்தே மாற்றுங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றுங்கள். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து அந்தக் காலத்தில் இந்த வண்டியைச் செய்யவில்லை. ஆர்சி புதுப்பிப்பதற்கு 2017ல் 600 ரூபாய், 2022ல் 5,000. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000. பசுமை வரி தனி. விற்கிறவரின் ஆர்சி எந்த மாதம் முடிகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கடைசியாக, வண்டியைப் பார்க்க மத்தியானம் ரெண்டு மணிக்குப் போங்கள். நிழலில் நின்றால் வெளியே எடுக்கச் சொல்லி, கண்ணாடி ஏற்றி ஒரு மணி நேரம் வெயிலில் விட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து நீங்களே சாவியைத் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியில் அந்த ரெண்டு விநாடிச் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். எனக்கு விற்றவர் காலை ஏழு மணிக்குத்தான் வரச் சொன்னார். நல்ல மனுஷன், காப்பியெல்லாம் கொடுத்தார்.