டெம்போரல் லோப் வலிப்பு ஞாபகசக்தியைப் பாதிக்குமா? குழந்தைக்கும் பெரியவருக்கும் வேறுபாடு உண்டா?

பாதிக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. உங்கள் மகளுக்கு 9 வயது, படித்ததெல்லாம் மறக்கிறாள், சோம்பலா நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். டெம்போரல் லோப் என்பது காதுப் பக்கமாக இருக்கும் மூளைப் பகுதி. எனக்கு இடது பக்க டெம்போரல் லோப் வலிப்பு 12 வயதில் தெரியவந்தது, இப்போது 43. நான் டாக்டர் இல்லை, நோயாளி. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு என்றாலே கை கால் இழுத்து நுரை தள்ளும் என்று நினைக்கிறோம். எனக்கு வருவது வேறு மாதிரி. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், 'இது முன்னாடியே நடந்ததே' என்று தோன்றும். அப்புறம் ஓரிரு நிமிடம் வெறித்துப் பார்த்தபடி வாயை மென்றுகொண்டிருப்பேனாம். வகுப்பில் அந்த நேரமும், தெளிவதற்கான அடுத்த பத்து நிமிடமும் போச்சு. டீச்சர் சொன்னது மனதுக்குள் போகவே இல்லை. போகாததை எப்படி மறப்பது?

எனக்கு அடி வாங்கித் தந்தது இன்னொரு வகை மறதி. ராத்திரி செய்யுளை அம்மாவிடம் பிசகில்லாமல் ஒப்பிப்பேன். காலையிலும் வரும். இரண்டு வாரம் கழித்துப் பரீட்சையில் முதல் வரியே வராது. படிக்கிற மாதிரி நடிக்கிறான் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். இந்த நோயில் இப்படி நடப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்று எனக்குத் தெரியவந்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது. வழக்கமான ஞாபகச் சோதனையில் ஒரு கதையைச் சொல்லி, அரை மணி கழித்துத் திரும்பக் கேட்பார்கள். அதில் தேறிவிடுவோம். நாள், வாரக்கணக்கில் இடைவெளி விட்டுக் கேட்டால்தான் ஓட்டை தெரியும். குழந்தைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

காரணம் இடம்தான். காதுக்கு உள்பக்கமாக, மூளையின் ஆழத்தில் ஹிப்போகாம்பஸ் என்று கடல்குதிரை போல வளைந்த பகுதி இருக்கிறது. புதிதாக நடப்பதைப் பதியவைப்பது அதன் வேலை. இந்த வலிப்பு பெரும்பாலும் கிளம்புவதும் அங்கிருந்துதான். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயதுக்காரருக்கு, வலிப்பை நிறுத்த இரண்டு பக்கத்திலும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை அவருக்குப் புதிதாக எதுவும் தங்கவில்லை. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், போகும்போதெல்லாம் அவருக்குப் புது ஆள்தான். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைய மொலைசனின் கை மூன்றே நாளில் பழகிவிட்டது. வரைந்த ஞாபகம் மட்டும் இல்லை! இப்போது ஆபரேஷன் என்றால் ஒரு பக்கம்தான். மறுபக்கம் தாங்குமா என்று சோதித்த பிறகுதான்.

இனி வயது. இடது பக்கம் பழுதானால் பொதுவாகச் சொற்கள், பெயர்கள், படித்தவை நழுவும். மிகச் சின்ன வயதிலேயே அங்கே பழுது வந்தால், மூளை பேச்சை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொள்வதுண்டு. பெரியவர்களின் மூளைக்கு அந்த நெகிழ்வு குறைவு. ஆனால் பெரியவர் சேர்த்து வைத்ததிலிருந்து இழக்கிறார். குழந்தை இனிமேல்தான் சேர்க்க வேண்டும். பள்ளிப் படிப்பில் அடி விழுவது அதனால்தான். எனக்குச் செய்யுள் மறந்து போனதைவிடக் கொடைக்கானல் மறந்து போனதுதான் வருத்தம். கல்யாணமான புதிதில் போனோம், போட்டோ இருக்கிறது. படகில் பயந்து கத்தினேன் என்று மனைவி சொல்கிறாள். சரி, கத்தியிருப்பேன்.

மாத்திரையாலும் மறதி வரலாம். டோபிராமேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிட்ட காலத்தில் 'கரண்டி' என்ற சொல்லுக்காக ஒரு நிமிடம் தவித்திருக்கிறேன். டாக்டர் மருந்தை மாற்றியதும் சரியாயிற்று. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு கட்டுக்கடங்காமல் போனால் ஆபத்து.

நரம்பியல் உளவியலாளரிடம் மகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். சொன்ன கதையை ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்க முடியுமா என்று விசாரியுங்கள். பாடத்தை ஒரே ராத்திரியில் திணிக்காமல் மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று திருப்பிப் பார்க்க வையுங்கள். எனக்கு ஓரளவு உதவியது இதுதான். வெறித்துப் பார்த்தால் நேரத்தைக் குறித்துவைக்கும்படி வகுப்பு டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.