தோட்டங்களை மட்டும் படமெடுத்து, புத்தகம் எழுதிப் பிழைக்க முடியுமா? (பெங்களூரில் இருக்கிறேன்)

முடியும், ஆனால் படத்தை மட்டும் நம்பினால் கஷ்டம். எழுத்தும் சேர்ந்தால்தான் வண்டி ஓடும். ஒற்றைப் பூவின் க்ளோஸ்-அப்பை அல்சூரில் மொட்டைமாடித் தோட்டம் போட்டிருக்கும் என் அத்தையே போனில் எடுத்துவிடுவார். பாதை எங்கே வளைகிறது, எந்த மரத்துக்குப் பின்னால் எது பூக்கிறது என்று இடத்தையே காட்டுவதுதான் தோட்டப் படக்காரர் வேலை.

நீங்கள் இருக்கும் ஊர் அதற்குத் தோது. 1908-இல் இங்கே வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் க்ரும்பீகல், ஒரு மரவகை பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி திட்டமிட்டுச் சாலையோரங்களில் மரங்கள் நடவைத்தார். ஆண்டுத் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு டபேபுயா, மார்ச் வாக்கில் ஊதா ஜகரண்டா, கோடையில் குல்மோகர். ஒரே மரத்தடிக்கு ஓராண்டு திரும்பத் திரும்பப் போங்கள். புத்தகத்தின் அத்தியாய வரிசையை மரங்களே போட்டுத் தந்துவிடும்.

லால்பாக் தாவரவியல் பூங்காவின் 240 ஏக்கரில் விடிந்த முதல் ஒரு மணி நேரம்தான் உங்களுடையது. உச்சிவெயிலில் இலைகள் வெளுத்து மின்னும்; லென்ஸ் முன்னால் மாட்டி இலைப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் கொஞ்சம் காப்பாற்றும். மேகமூட்டம் வரம். மலர்க்கண்காட்சி நாட்களில் போனால் படத்தில் தலைகள்தான் விழும்.

வருமானம் பத்திரிகைக் கட்டுரை, தோட்ட வடிவமைப்பாளர்களுக்கான படங்கள், பயிற்சி வகுப்பு என்று துண்டு துண்டாகத்தான் வரும். செடியின் தாவரவியல் பெயரை அன்றன்றே குறித்துவிடுங்கள். நான் குறிக்காமல் விட்ட 200 படங்கள் இன்னும் பெயரில்லாமல் கிடக்கின்றன.