போன் வாங்கும்போது டிஸ்ப்ளே விலையையும் கேளுங்கள்

கேள்வி: அம்மாவிடம் பழைய நோக்கியா 1100 இருக்கிறது. மாடிப்படியில் உருண்டிருக்கிறது, அரிசி டிரம்முக்குள் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. இன்றைக்கும் டார்ச் எரிகிறது. நான் இரண்டு வருடத்துக்கு முன் 21,000 ரூபாய்க்கு வாங்கிய போன் சமையல் மேடையிலிருந்து ஒரே ஒரு தடவை விழுந்ததில் டிஸ்ப்ளே போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் 8,400 ரூபாய் கேட்கிறார்கள். பேட்டரியும் மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது. இந்தக் காலத்துப் போன்கள் ஏன் உழைப்பதில்லை? சரிசெய்வதா, புதிது வாங்குவதா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கவனமில்லாமல் வைத்திருந்தோமோ என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். அம்மாவின் போன் கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் தெறிக்கும். அடி அப்படிப் பிரிந்து போய்விடும். பொறுக்கி மாட்டினால் மறுபடி ஓடும். திரையும் சின்னது, சுற்றிலும் பிளாஸ்டிக். உங்கள் போனின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி, அதன் கீழே டச், அதன் கீழே டிஸ்ப்ளே மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. ரிப்பேர் கடைகளில் இதைத்தான் 'காம்போ' என்கிறார்கள். மேலே ஒரு விரிசல் விழுந்தாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

பேட்டரி விஷயம் இன்னும் முக்கியம். லித்தியம் அயான் பேட்டரி தேய்ந்துகொண்டே போகும் பொருள். பல போன்களில் சுமார் 500 முழு சார்ஜ் ஆனதும் அதன் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிடும். அம்மாவின் போனில் இருந்ததும் அதே வகைதான். ஆனால் அதை நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம். போன மாதம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பேட்டரி மாற்றுவதை உட்கார்ந்து பார்த்தேன். அந்தத் தம்பி போனைச் சூடான தட்டின் மேல் சில நிமிடம் வைத்தார். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் நுழைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். கறுப்புப் பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. மூடி கழன்ற பிறகும் பேட்டரி அடியில் ஒட்டியே கிடந்தது. "இதை வளைச்சா தீப்பிடிக்கும்ணா, அதான் பயம்" என்றார். வீட்டில் ஒரு நிமிடத்தில் முடிந்த வேலை இப்போது பட்டறை வேலையாகிவிட்டது.

2007 ஆகஸ்டில் நோக்கியாவின் பிஎல்-5சி (அம்மாவின் போனில் போடும் வகை) பேட்டரிகளில் சுமார் 4.6 கோடிக்குக் குறை இருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. அதிகமாகச் சூடாகலாம் என்றார்கள். பயம் பரவியதென்னவோ உண்மை. ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், போன் நம் கையிலேயே இருந்தது. 2016-இல் சாம்சங் நோட் 7-இல் பேட்டரி தீப்பிடித்தபோது அந்த மாடலையே உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டி வந்தது. கழற்ற முடியாத ஒரு பாகம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உழைப்பு குறைந்ததற்கு முதல் காரணமாக நான் சொல்வது பசையைத்தான்.

சரி, உங்கள் போனுக்கு வருவோம். அதற்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் எவ்வளவு காலம் வரும் என்று நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். இரண்டு வருடமாவது இருந்தால் சரிசெய்வதுதான் என் யோசனை. டிஸ்ப்ளேயையும் பேட்டரியையும் ஒன்றாக மாற்றச் சொல்லிக் கூலியைக் குறைத்துக் கேளுங்கள். அப்டேட் நின்றுவிட்டதென்றால் அந்த 8,400-ஐப் புதுப் போனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கடையில் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்பார்கள். உங்களுடையது ஏமோலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரை என்றால் ஜாக்கிரதை. விலை குறைந்த எல்சிடி (பின்னால் விளக்கு வைத்த திரை) காம்போவைப் போட்டுவிட்டால் திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாது.

அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் முன் டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு, பேட்டரி மாற்ற எவ்வளவு, அப்டேட் எத்தனை வருடம் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனை நின்று 7 வருடம் வரை உதிரிபாகம் கிடைக்க வேண்டும். இங்கே மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளம் தொடங்கியது. ஆனால் அந்த அளவுக்குக் கட்டாயமான விதி நமக்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும். அங்கே தாங்கும்படி செய்ய முடிந்த போனை இங்கேயும் அப்படியே விற்க முடியும்.

கேள்வி: அப்டேட் போட்ட மறுநாள் திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு வந்துவிட்டது. போன் கீழே விழவில்லை, தண்ணீரும் படவில்லை. வாங்கி 15 மாதம் ஆகிறது. வாரண்டி முடிந்தது, பணம் கட்டுங்கள் என்கிறார்கள்.
— வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: உடனே பணம் கட்டாதீர்கள். பச்சைக் கோடு ஏமோலெட் திரைகளில் பலருக்கும் வந்த குறை. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாக டிஸ்ப்ளே மாற்றித் தந்திருக்கின்றன. உங்கள் மாடலுக்கும் அப்படி இருக்கிறதா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் (போனின் நிலையையும் குறையையும் எழுதித் தரும் சீட்டு) கட்டாயம் வாங்குங்கள். வெளிச்சேதம் இல்லை என்பதும், ஏன் மறுக்கிறார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். அதிலும் முடியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பில்லில் உள்ள விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். வாரண்டி ஒரு வருடம்தான் என்று சர்வீஸ் சென்டர் சொல்லிவிட்டதாலேயே உற்பத்திக் குறை பற்றி ஆணையத்தில் கேட்கும் உரிமை உங்களுக்குப் போய்விடாது.

கேள்வி: டெலிவரி வேலை செய்கிறேன் சார். மேப் பார்க்க பைக் ஹேண்டில்பாரில் போன் மாட்டியிருப்பேன். எட்டு மாதத்தில் கேமரா மங்கலாகிவிட்டது, உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கிறது.
— மர்ஃபி டவுன்

பதில்: தம்பி, அது பைக்கின் அதிர்வால் வந்ததாகத்தான் இருக்கும். கை நடுங்கினாலும் படம் அசையாமல் இருக்க, சில போன்களில் லென்ஸ் உள்ளே மிதப்பது போல அமைந்திருக்கும். ஹேண்டில்பாரின் விடாத அதிர்வு அந்த அமைப்பைக் கெடுத்துவிடும். பைக்கில் ஐபோனை மாட்டினால் கேமரா பாதிக்கப்படலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்கினால் பாதிப்பு குறையும். அதைவிட நல்லது, வேலைக்கென்று கேமரா கெட்டிருந்தாலும் பரவாயில்லாத ஒரு பழைய போனை மாட்டிக்கொண்டு, நல்ல போனைப் பையில் வைத்துக்கொள்வது. இப்போதைக்குக் கேமரா மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும், முழு போனையும் மாற்றச் சொன்னால் வேறு கடை பாருங்கள். மாற்றிய பாகத்தின் பெயரையும் அதற்கு எத்தனை நாள் வாரண்டி என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.