மகள் வர்ணனையாளர் ஆகப் போகிறேன் என்கிறாள்: பி.காம். சேர்ப்பதா, விஸ்காம் சேர்ப்பதா?

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூ வணிகவியல் பிரிவு. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் ரேடியோக்களை மொபைலில் எந்நேரமும் கேட்கிறாள். அந்த மாதிரி நிலையத்தில்தான் வேலை பார்ப்பேன் என்று பிடிவாதம். இதில் பிழைப்பு உண்டா? எந்தப் படிப்பில் சேர்ப்பது?

பதில்: பிழைப்பு உண்டு. கல்லூரி விண்ணப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன், அவள் கேட்கும் நிலையங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மைக் முன்னால் உட்காருபவர்கள் சிலர்தான். விளம்பரம் பிடிப்பவர், எந்த விளம்பரம் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று அட்டவணை போடுபவர், நிகழ்ச்சித் தயாரிப்பாளர், மைதானத்திலிருந்து ஒலியை அனுப்பும் பொறியாளர், உரிம ஒப்பந்தம் பார்ப்பவர் என்று மற்ற நாற்காலிகள்தான் அதிகம். வணிகவியல் படித்த பெண்ணுக்கு இது நல்ல செய்தி.

முழுநேர விளையாட்டு வானொலிக்கு முன்னோடி நியூயார்க்கின் டபிள்யூஃபேன். எம்மிஸ் நிறுவனம் 1987 ஜூலை 1 அன்று 1050 கிலோஹெர்ட்ஸில் தொடங்கியது. முதலில் நஷ்டம்தான். 1988 அக்டோபரில் 50,000 வாட் சக்தியுள்ள 660-க்கு மாறிய பிறகே நிமிர்ந்தது. போட்டியை நேரலையாக ஒலிபரப்பும் உரிமத்துக்கு விலை அதிகம். ஆனால் ரசிகர்கள் போன் போட்டுச் சண்டை பிடிக்கும் நிகழ்ச்சிக்கு ஒரு தொகுப்பாளர், ஒரு தயாரிப்பாளர், போன் எடுக்க ஒருவர் போதும். ஆட்ட நேரலை கேட்பவர்களை இழுத்து வரும், பேச்சு மீதி நேரத்தை மலிவாக நிரப்பும். இன்றைக்கும் கணக்கு இதுதான். அந்த நாட்டு நிலையங்களில் புதியவருக்குக் கிடைக்கும் முதல் வேலையும் பெரும்பாலும் போன் எடுத்து, யாரை வரிசையில் வைப்பது என்று முடிவு செய்வதுதான்.

விளம்பரம் எங்கே நுழைகிறது என்பதையும் பாருங்கள். டி20 ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸும் முழுதாக நடந்தால் ஓவர் இடைவெளி மட்டும் 38. அதற்கு மேல் விழும் விக்கெட்டுகள். கால்பந்திலோ 45 நிமிடம் பொதுவாக இடைவெளியே கிடையாது. அதனால் ஸ்பான்சர் பெயரை வர்ணனைக்குள்ளேயே வாசித்து நுழைக்க வேண்டும். எந்த விளையாட்டை எப்படி விற்பது என்று தெரிந்தவருக்கு இந்தத் துறையில் எப்போதும் மரியாதை.

விரிவாக்கம் எப்படி நடக்கிறது என்று படிக்க ஆஸ்திரேலியாவின் எஸ்இஎன் நல்ல பாடம். 2004 ஜனவரியில் மெல்போர்னில் 1116 ஏஎம்-இல் தொடங்கிய நிலையம். பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வானொலிகளுக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்துவந்த க்ராக்மீடியா 2018-இல் அதன் தாய் நிறுவனத்தோடு இணைந்தது. பிறகு சிட்னியில் 1170, பிரிஸ்பேனில் 693 என்று ஏஎம் அலைவரிசைகளை வாங்கிக்கொண்டே போனார்கள். பிரிஸ்பேன் அலைவரிசை கிடைத்த விதம் சுவாரசியம். 4கேக்யூ என்ற பழைய பாட்டு நிலையத்தை வைத்திருந்த ஏஆர்என் என்ற வானொலி நிறுவனம், வேறொரு நிறுவனத்தை வாங்கியதில் ஒரே ஊரில் சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. விற்றே ஆக வேண்டிய நிலை. 2022-இல் 1.2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குக் கைமாறியது.

அலைவரிசை வாங்குவது சுலபமான பாதிதான். மெல்போர்ன்காரர்களுக்கு ஆஸ்திரேலியக் கால்பந்து உயிர். சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் ரக்பி லீக். மெல்போர்ன் நிகழ்ச்சியை அப்படியே அனுப்பினால் யார் கேட்பார்கள்? ஒவ்வொரு ஊருக்கும் தனித் தொகுப்பாளர், தனி விற்பனைக் குழு வேண்டும். செலவு முதல் நாளே தொடங்கும். விளம்பரம் மெதுவாகத்தான் வரும். 2021 ஜூலையில் நியூசிலாந்திலும் கால் வைத்தார்கள். டிஏபி என்ற பந்தய நிறுவனத்தின் அலைவரிசைகளை எடுத்து நாடு முழுக்க ஒலிபரப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த வானொலி டிஏபி வசமே திரும்பிப் போனது. எஸ்இஎன்-இன் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் உள்ளது, ஆண்டறிக்கை இணையத்தில் இலவசம். மகளை ஒன்றைத் தரவிறக்கி, விளம்பர வருவாய் எவ்வளவு, செலவு எங்கே போகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அலுப்புத் தட்டாமல் எழுதினால் பி.காம். போட்டுவிடுங்கள்.

இனி நம் ஊர். இந்தியாவில் தனியார் எஃப்எம்மின் மூன்றாம் கட்ட விதிகள் (2011) விளையாட்டுத் தகவல் சொல்ல அனுமதிக்கின்றன. நேரடி ஒலிபரப்புக்கு அனுமதி இல்லை. உள்ளூர்த் தன்மையுள்ள போட்டிகளின் வர்ணனைக்கு மட்டும் இடம் உண்டு. தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒலிபரப்பு உரிமை வைத்திருப்பவர், ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதியோடு ஒலியைப் பகிர வேண்டும். வானொலி விளம்பர வருவாய் 50:50. வெளிநாட்டு நிலையங்களைத் தாங்கும் இன்னொரு தூண் பந்தய விளம்பரம். இங்கே இணையவழிப் பண விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. ஆகவே மெல்போர்ன் மாதிரி நிலையம் சென்னையில் நாளைக்கே திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

வேலை வேறு பெயர்களில் இருக்கிறது. ஆகாசவாணி வர்ணனைக்குக் குரல் தேர்வு வைக்கும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள், மாதச் சம்பளம் ஆகாது. தமிழ் விளையாட்டுத் தொலைக்காட்சி, கிரிக்கெட் செயலிகள், பாட்காஸ்ட் நிறுவனங்கள், கபடியையும் டிவிஷன் லீக் ஆட்டங்களையும் யூடியூபில் நேரலை செய்யும் சிறு குழுக்கள் எல்லாவற்றுக்கும் தமிழில் பிசிறில்லாமல் பேசவும், அந்த நேரலைக்கு உள்ளூரில் ஸ்பான்சர் பிடிக்கவும் ஆள் தேவை. இரண்டையும் ஒருவரே செய்தால் அவரை யாரும் கைநழுவ விடமாட்டார்கள்.

படிப்பு: என் பரிந்துரை பி.காம். அல்லது பிபிஏ, சமுதாய வானொலி உள்ள கல்லூரியில் அல்லது அதற்கு அருகில். அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 அலைவரிசை 2004-இலேயே தொடங்கியது, எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரியிலும் சமுதாய வானொலி உண்டு. விஸ்காமில் கேமராவுக்குப் போகும் நேரம் அதிகம். ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் இலவச மென்பொருளில் வீட்டிலேயே கற்கலாம். மூன்று மாத ஆர்ஜே பயிற்சிக்குப் பெரும் தொகை கேட்டு "வேலை உறுதி" என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். வேலை உறுதி என்பதை எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும்.

வர்ணனை ஆசைக்கு வீட்டுப் பயிற்சி இது. டிவியின் ஒலியை நிறுத்திவிட்டு ஐந்து ஓவர் சொல்லி மொபைலில் பதிவு செய்யட்டும். ஒரு பந்து இப்படி இருக்க வேண்டும்: "சேப்பாக்கத்தில் பட்டாபிராமன் கேட் முனையிலிருந்து பந்துவீச்சாளர் ஓடி வருகிறார். அளவு குறைந்த பந்து. பின்காலில் போய் வெட்டினார், பாயிண்ட்டுக்கு இடப்பக்கம், ஒரு ரன். இரண்டு விக்கெட்டுக்கு 46." பிறகு கேட்டுப் பார்த்தால் மூன்று தவறு தெரியும். ஒன்று, "பாருங்கள் எப்படி அடித்தார்" என்று டிவி மாதிரிப் பேசுவது. கேட்பவர் எதைப் பார்ப்பார்? இரண்டு, விக்கெட் விழுந்ததும் கத்திவிட்டு யார் அவுட், எப்படி அவுட் என்று சொல்ல மறப்பது. மூன்று, ஸ்கோரை விழுங்குவது. அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் இதற்காகவே முட்டை அவிக்கும்போது நேரம் பார்க்கும் மணற்கடிகாரத்தை மேசையில் வைத்திருந்தார். மணல் இறங்கி முடிந்தால் ஸ்கோர் சொல்லியாக வேண்டும்.

டிவி பார்த்துச் சொல்வது பயிற்சிக்கு மட்டும். யூரோ 2000 கால்பந்துக்கு உரிமம் இல்லாத இங்கிலாந்தின் டாக்ஸ்போர்ட் வானொலி, ஆம்ஸ்டர்டாம் ஹோட்டல் அறையில் டிவியைப் பார்த்து, பதிவு செய்த கூட்ட இரைச்சலையும் கலந்து "நேரலை" என்று விளம்பரம் செய்தது. உரிமம் வைத்திருந்த பிபிசி வழக்குப் போட்டது. தடை கிடைக்கவில்லை என்றாலும் அது வேறு நாடு, வேறு சட்டம். மகள் யூடியூபில் ஐபிஎல் படத்தை ஓடவிட்டு வர்ணனை செய்தால் காப்புரிமைப் புகாரில் சேனலே போகும். தெருமுனைக் கபடிப் போட்டிக்கோ, பள்ளி ஆட்டத்துக்கோ நடத்துபவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு செய்யட்டும். அந்தப் பதிவுகளில் சிறந்த மூன்று நிமிடங்களை வெட்டி வைத்தால் எந்த நேர்காணலுக்கும் அதுவே சான்றிதழ்.