முன்பின் தெரியாத ஒருவரைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைப்பது நியாயமா?

"தாங்களாகவே போய் ஆபத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, சம்பந்தமே இல்லாத ஒருவர் சாவது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே தாய்லாந்தின் தாம் லுவாங் குகைதான் ஞாபகம் வந்தது.

2018 ஜூன் 23 அன்று 12 பையன்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் உள்ளே போனார்கள். மழைவெள்ளம் வழியை அடைத்துவிட்டது. ஜூலை 2 அன்றுதான் இரண்டு பிரிட்டிஷ் டைவர்கள் அவர்களை உயிரோடு கண்டார்கள். ஜூலை 6 அதிகாலை சமன் குனான் இறந்தார். கடற்படையிலிருந்து விலகி விமான நிலையத்தில் வேலை பார்த்தவர், தானாக முன்வந்து போனவர். காற்று சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் நினைவிழந்தார்.

"ஒருவர் போனார், பதின்மூன்று பேர் பிழைத்தார்கள்" என்று பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். முதலில், ஒருவர் இல்லை. மீட்பின்போது ரத்தத்தில் தொற்று ஏற்பட்ட பெய்ரூத் பக்பாரா என்ற கடற்படை வீரரும் 2019 டிசம்பரில் இறந்தார். அதைவிட முக்கியம், சமன் இறந்த அன்று ஒரு பையன்கூட வெளியே வந்திருக்கவில்லை. உள்ளே ஆக்சிஜன் 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கடைசியில் எடுத்த வழியோ இன்னும் பயங்கரம்: கேட்டமைன் என்ற மயக்க மருந்தை ஊசியாகப் போட்டு, முகம் முழுக்க மூடும் கவசம் மாட்டி, கைகளைப் பின்னால் கட்டி, ஒவ்வொரு பையனையும் மூட்டை மாதிரி கலங்கல் தண்ணீருக்குள் இழுத்து வந்தார்கள். நடுவில் மயக்கம் தெளிந்தால் டைவரே அடுத்த ஊசியைப் போட வேண்டும். மயக்க மருந்து கொடுத்த ஆஸ்திரேலிய மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸே பையன்கள் பிழைப்பார்கள் என்று நம்பவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் அவர்மீது வழக்கு வராதபடி, தூதரக அதிகாரிகளுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பை வாங்கிக் கொடுத்த பிறகுதான் வேலையே தொடங்கியது.

சரி, பதின்மூன்று பேரும் பிணமாக வந்திருந்தால் சமன் போனது தப்பாகிவிடுமா? ஆகாது. அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதை வைத்து நான் இதை எடைபோட மாட்டேன். போனவருக்கு ஆபத்து தெரிந்திருந்ததா, முடியாது என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா, அவ்வளவுதான் கேட்பேன். அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. சிலிண்டரில் எவ்வளவு காற்று, திரும்பி வர எவ்வளவு நேரம் என்று அவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பார்க்காமல் அனுப்பிவிட்டு மாலை போடுவது எனக்குச் சகிக்காது.

"தாங்களாகவே போனவர்கள்" என்ற வாதத்தை நான் எடுத்துக்கொள்ளவே மாட்டேன். கிணற்றில் விழுந்தவன் குடித்திருந்தானா என்று விசாரித்துவிட்டா தீயணைப்புக்காரர் கயிறு போடுகிறார்?

அப்புறம், மிச்சமிருப்பவர்கள். சமன் இறந்தது வெளியே வந்த பிறகுதான் பையன்களுக்குத் தெரியும். மருத்துவமனையில் அவருடைய படத்தைச் சுற்றி நின்று அழுதார்கள். உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லியனுப்பினார் சமனின் மனைவி. புருஷனைப் பறிகொடுத்தவர்தான் ஆறுதலும் சொல்ல வேண்டியிருந்தது.

என் தம்பி இப்படிக் கிளம்பினால் கையைப் பிடித்துத் தடுப்பேன். உதறிவிட்டுப் போனால், அவன் செய்தது தப்பென்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.