கேள்வி பதில்: மு.வ. என்னும் அண்ணன்

கேள்வி: என் அத்தை தம் திருமணத்துக்குப் பரிசாக வந்த எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) நூல்களை இன்றும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு இடையே பத்திரமாக வைத்திருக்கிறார். எடுத்துப் படித்தேன், நாவல்களில் அறிவுரைதான் மிகுதியாகத் தெரிகிறது. அந்தத் தலைமுறை அவரை இவ்வளவு நேசித்தது ஏன்? (வாசகி, ஆற்காடு)

பதில்: நாவல்களைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. அவருடைய கதைமாந்தர் இருவர் காற்று வாங்கப் புறப்பட்டால், நாலு தெரு தாண்டுவதற்குள் அங்கே ஒரு கரும்பலகை வந்துவிடும். ஆயினும் 1961-ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற ‘அகல் விளக்கு’க்கு மட்டும் நான் விலக்கு அளிப்பேன். அழகும் அறிவும் வாய்த்த சந்திரன் கண்ணெதிரே சீரழிவதை, எந்தச் சிறப்பும் இல்லாத நண்பன் வேலய்யன் தன் வாயால் சொல்வதாக அமைந்த கதை அது. உங்கள் பக்கத்து ஊரான வாலாஜாப்பேட்டையில் தொடங்குவதால், உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கக்கூடும்.

அவரை நேசித்தவர்கள் நாவலாசிரியரை மட்டும் நேசிக்கவில்லை. பள்ளியிறுதித் தேர்வுக்குப் பின் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, உடல்நலம் கெட்டு அவ்வேலையை விட்டுவிட்டு, தாமே முயன்று படித்து 1935-இல் வித்துவான் என்னும் தமிழ்ப் புலமைத் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாகத் தேறியவர் அவர். திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, 1939 முதல் 1961 வரை சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும், பின்னர் 10 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பித்தார். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர், 1974 அக்டோபர் 10-ஆம் நாள் தம் 62-ஆம் வயதில் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். இத்தனை ஆண்டுகள் வகுப்பில் நின்றவருடைய நடை எப்படி இருக்கும் என்பதற்கு, 1949-இல் வெளிவந்த திருக்குறள் தெளிவுரையைப் பாருங்கள். முதல் குறளுக்கு இரண்டே சிறு வாக்கியங்கள்: எழுத்துகளுக்கு அகரம் அடிப்படை, அதுபோல உலகுக்குக் கடவுள் அடிப்படை. இலக்கணக் குறிப்பு இல்லை, பழைய உரைகாரர்களோடு வழக்காடல் இல்லை. சட்டைப்பையில் அடங்கும் அந்தக் கையடக்க நூல், பரிமேலழகரைக் கண்டு அஞ்சி ஒதுங்கியிருந்தவர்களையும் குறளுக்குள் அழைத்து வந்தது.

ஆனால் உங்கள் அத்தையின் பீரோவுக்கு அவரைக் கொண்டு சேர்த்தவை கடித நூல்களே என்பது என் எண்ணம். ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்று தலைப்பிலேயே உறவு சொல்லி அழைத்தார். ‘தம்பிக்கு’ நூலில் வளவன் என்னும் அண்ணன் எழில் என்னும் தம்பிக்கு எழுதுகிறான். நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது, வல்லவனாகவும் இருக்க வேண்டும் என்பதே அவன் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. வீட்டில் படித்த அண்ணன் இல்லாத ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அந்த இடத்தில் ஒருவர் கிடைத்தார். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவனுக்கு இது சின்ன விஷயம் அன்று. நாவலில் குறையாகத் தெரியும் அதே அறிவுரை, அண்ணன் எழுதும் கடிதத்தில் இயல்பாக அமைந்துவிடுகிறது. கடிதம் என்ற வடிவமே அதற்கு இடம் கொடுக்கிறது.

கேள்வி: குடும்பத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவரின் சொந்தக் குடும்பம் எப்படிப்பட்டது? (வாசகர், மதுரை)

பதில்: வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்ற அதே 1935-இல், மாமன் மகள் இராதா அம்மையாரை மணந்தார். மூன்று ஆண் மக்கள். வேலை தேடிச் சென்னைக்கு வந்த எத்தனையோ குடும்பங்களைப் போல, வட ஆர்க்காட்டு வேலம் என்னும் சிற்றூரின் வேர்களோடு நகரத்தில் வாழ்ந்த குடும்பம் அது. முதல் நாவலான ‘செந்தாமரை’யைத் தாமே வெளியிட்டபோது அவர் கல்லூரி ஆசிரியர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் சொந்தப் பணத்தில் புத்தகம் அச்சிட்டால் அந்தச் சுமை வீட்டையும் தொடாமல் இராது என்பதை, புத்தகம் போட்டுப் பார்த்த எவரும் அறிவர்.

மீண்டும் ஆற்காட்டு வாசகிக்கு ஒரு சொல்: அத்தையின் பீரோவில் ‘தங்கைக்கு’ இருந்தால், நாவல்களை வைத்துவிட்டு அதை முதலில் எடுங்கள். அதில் சில கருத்துகள் இன்று பழையனவாகப் படலாம். எங்கே உடன்பாடு இல்லையோ, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தையிடமே கேளுங்கள்.