பஞ்சு இருக்கட்டும், முதலில் மூச்சைப் பாருங்கள்

(ராணிப்பேட்டையிலிருந்து 29 வயது வாசகர். காலணித் தொழிற்சாலையில் வேலை. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வேப் என்னும் மின் சிகரெட் கருவியில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளான காயிலைக் கழற்றி, அந்தத் திரவத்தில் ஊறும் பஞ்சை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது பற்றி ஏழெட்டுக் கேள்விகள்.)

தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி பஞ்சைப் பற்றித்தான். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பஞ்சு போடலாமா, இறுக்கமாகத் திணிப்பதா தளர்வாகவா, கம்பியை கேஸ் அடுப்பில் காட்டிச் சுத்தம் செய்யலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வேண்டிய விஷயமோ கடைசிக்கு முந்தைய பாராவில், ஏதோ போகிற போக்கில் சொன்ன மாதிரி கிடக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். போன வருஷம் நிற்காமல் ஏறியவர். பத்து நாளாக வறட்டு இருமல், சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது, இரண்டு முறை வாந்தி. இதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே மறுபடியும் பஞ்சுக்குப் போய்விட்டீர்கள்.

இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். சி.எம்.சி.யோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியோ, வாலாஜாவில் இருக்கும் அரசு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே. இன்றைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் "நான் வேப் பிடிக்கிறேன்" என்று நீங்களே சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். ஏனென்றால் இந்தப் பக்கத்தில் இருமல், காய்ச்சல் என்று வருகிற வாலிபனிடம் பீடியா சிகரெட்டா என்று கேட்கும் டாக்டர்கள்கூட வேப்பைப் பற்றிக் கேட்க நினைப்பதில்லை. நீங்கள் "சிகரெட்டை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்று சொன்னால் "நல்லது" என்று எழுதிக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். உண்மை அந்த இடத்திலேயே தொலைந்துபோகும்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் வரிசையாக மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர் கணக்கில் வந்தார்கள். அதில் இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் இளவட்டங்கள். இருமல், மூச்சு வாங்கல், காய்ச்சல் இவற்றோடு வாந்தி, வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்ததால் பலரை முதலில் வயிற்றுக் கோளாறு என்று நினைத்தார்கள். அந்தப் பட்டியலையும் உங்கள் கடைசிக்கு முந்தைய பாராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் மாட்டிக்கொண்ட குற்றவாளி, கஞ்சாச் சத்து கலந்த திரவத்தில் சேர்த்திருந்த வைட்டமின் இ அசிடேட். அது ஓர் எண்ணெய். "நான் கஞ்சா தொடுவதில்லை டாக்டர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் எண்ணெயைத் தொட்டிருக்கிறீர்களே!

ரப்பர் வளையம் இறுகாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவதாகவும், தொண்டை எரிச்சலுக்கு இதமாக இருக்கட்டும் என்று லிக்விடில் நீலகிரித் தைலம் நாலு சொட்டு விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வீடியோவில் பார்த்தேன் என்கிறீர்கள். அந்த வீடியோக்காரர் உங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்க வரமாட்டார். வயிற்றுக்குள் போகும் எண்ணெய் செரிக்கும். நுரையீரலுக்குள் போன எண்ணெய்க்கு அங்கே செரிக்க வழி கிடையாது. அதை அகற்ற வருகிற செல்கள் எண்ணெயை விழுங்கி உப்பிப்போய் அங்கேயே தேங்கும், சுற்றிலும் அழற்சி வரும். இந்த வியாதி தமிழ்நாட்டு டாக்டர்களுக்குப் புதிதல்ல. பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டி மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தால் நிமோனியாவோடு வரும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாட்டிமார்களைத் திட்டிவிட்டு, பேரன் அதையே சூடாக்கி ஊதினால் என்ன சொல்வது? மெந்தால், தைலம், நெய், ஓமத் திரவம் எதுவும் அந்த டேங்குக்குள் போகக் கூடாது. இன்று மருத்துவமனையில் தேங்காய் எண்ணெய், தைலம் இரண்டையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். சாயங்காலக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால் நம்மூரில் டிபி இல்லை என்று உறுதியாகும்வரை விடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் போனால் சளிப் பரிசோதனை என்பது பொது விதி; உங்களுக்கு மூச்சும் வாங்குவதால் நான் இரண்டு வாரம் முடியட்டும் என்று காத்திருக்கமாட்டேன். அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிட்டதைப் பற்றி. அசித்ரோமைசின் மூன்று நாள், இருமல் டானிக், கூடவே காகிதப் பொட்டலத்தில் பெயர் தெரியாத "சின்ன வெள்ளை மாத்திரை". முதல் நாள் நன்றாக இருந்தது, நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது என்கிறீர்கள். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. காய்ச்சலை அமுக்கும், பசியெடுக்கும், சரியாகிவிட்டது போலத் தோன்றும். உள்ளே டிபி இருந்தால் அதற்குத்தான் கொண்டாட்டம். வேடிக்கை என்னவென்றால், வேப்பினால் வந்த நுரையீரல் காயத்துக்கு நாங்களே சில நேரம் ஸ்டீராய்டு கொடுப்போம். ஆனால் கிருமி இல்லை என்று பார்த்துவிட்டு, ஆக்சிஜனை அளந்துகொண்டு, அளவு குறித்துக் கொடுப்போம். பொட்டலத்தில் கொடுப்பது வேறு விஷயம். மிச்சம் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் எங்காவது கிடக்கும். தேடிப் பாருங்கள், பேட்டரி மாற்றுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து விரலில் மாட்டி, எண் ஆடாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். 94-க்குக் கீழே இருந்தாலோ, நடந்த பிறகு மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலோ பைக்கை எடுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால் நடந்து பார்க்கும் வேலையே வேண்டாம். எண் நன்றாக இருந்தாலும் எக்ஸ்ரேக்குப் போகத்தான் வேண்டும். அதைச் சாக்காக்கி வீட்டில் இருந்துவிடாதீர்கள். (சிகரெட்டும் பிடிக்கிற நண்பர்களுக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியது என்றே எண்ணிக் கூட்டிக் காட்டும்.)

இப்போது, நீங்கள் மருத்துவமனைக்குப் போகாமல் எனக்கு எழுதியதன் காரணத்துக்கு வருவோம். "தடை செய்த பொருளாச்சே, சொன்னால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களா?" தமிழ்நாடு 2018-இலும், நாடு முழுவதும் 2019-இலும் மின் சிகரெட்டைத் தடை செய்தது உண்மை. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமித்து வைப்பது எல்லாம் அந்தச் சட்டத்தில் குற்றம். பிடிப்பவருக்கென்று அதில் தனித் தண்டனை எழுதவில்லை. மூச்சு முட்டி வந்தவர் டாக்டரிடம் சொல்வது சிகிச்சைக்கான தகவல், அது கேஸ் ஷீட்டோடு நிற்கும். உங்கள் மனைவிக்குத் தெரியக் கூடாது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார். ஆனால் எனக்கென்னவோ அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் படுகிறது. மாம்பழ வாசனையோடு பாத்ரூமிலிருந்து வருகிற புருஷனை எந்தப் பெண் கவனிக்காமல் இருப்பாள்?

சரி, பஞ்சு. நூலிழை நுரையீரலில் போய் ஒட்டிக்கொள்ளுமா என்றால், நீங்கள் பயப்படும் விதத்தில் இல்லை. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வரும் பிசினோசிஸ் என்று கூகுளில் படித்துப் பயந்திருக்கிறீர்கள். அது வருடக்கணக்காகப் பஞ்சுத் தூசியிலேயே நின்று வேலை செய்பவர்களுக்கு வருவது. டேங்கில் நனைந்து கிடக்கும் விரல்கடைப் பஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "பாப்கார்ன் லங்" என்ற பெயரையும் மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் பாப்கார்ன் தொழிற்சாலையில் வெண்ணெய் வாசனைப் பொருளைச் சுவாசித்தவர்களுக்கு வந்த வியாதி அது.

பஞ்சில் உண்மையான கெடுதல் அது காய்ந்துபோகும்போதுதான். லிக்விடில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை கம்பியின் சூட்டை இந்தத் திரவம் ஆவியாகி வாங்கிக்கொள்ளும். இறுக்கித் திணித்தாலோ, புதுப் பஞ்சு ஊறும் முன்னே பட்டனை அமுக்கினாலோ நடுவில் வறண்டுவிடும். சூடு கட்டுக்கடங்காமல் ஏறும், கிளிசரின் சிதைந்து அக்ரோலின் வரும், ஃபார்மால்டிஹைடு வரும். வாணலியில் எண்ணெய் காந்தும்போது கண்ணையும் தொண்டையையும் அறுக்குமே, அதில் இருப்பதும் இதே அக்ரோலின்தான். "கருகிய ருசி வந்தாலும் லிக்விட் வீணாகக் கூடாது என்று நாலைந்து இழுப்பு இழுத்து முடிப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தொண்டை எரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கம்பியை அடுப்பில் காட்டிச் செக்கச்செவேல் என்று ஆக்குவது அதைவிட மோசம். ஒருமுறை போட்டுத் தூக்கியெறிவதற்காகச் செய்த காயில் அது; உள்ளே ரப்பர் மாதிரியான சிலிகான் அடைப்பு இருக்கிறது, அதுவும் சேர்ந்து கருகும். கம்பியில் இருப்பது இரும்பு, குரோமியம், நிக்கல் மாதிரி உலோகங்கள். 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வேப் பிடிப்பவர்களின் சொந்தக் கருவிகளையே வாங்கிப் பார்த்தபோது, காயிலைத் தொடாத திரவத்தில் இருந்ததைவிட, காயிலில் சூடாகி வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் எல்லாம் கூடுதலாக இருந்தன. அதற்காக "ரத்தத்தில் உலோகம்" பார்க்கும் பேக்கேஜ் டெஸ்ட் எடுக்கட்டுமா என்று கேட்காதீர்கள், வேண்டாம். அந்தக் காசுக்கு எக்ஸ்ரே எடுங்கள். வேலையில் பசை, தின்னர் வாசனையில் நிற்பீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பஞ்சு மாற்றும்போது விரலெல்லாம் நனைந்து, கொஞ்ச நேரத்தில் தலை சுற்றி வேர்த்தது என்கிறீர்களே, அது நிக்கோட்டின் தோல் வழியாக ஏறியது. ஈரப் புகையிலை இலையைப் பறிக்கிற தொழிலாளிகளுக்கும் இப்படித்தான் குமட்டலும் தலைசுற்றலும் வரும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

எப்படிச் சரியாகப் பஞ்சு மாற்றுவது என்று சொல்லித் தருவேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். இந்த நெஞ்சோடு நீங்கள் இனி ஒரு இழுப்பும் இழுக்கக் கூடாது. அதற்காக சிகரெட்டுக்கும் திரும்பாதீர்கள். இரண்டு வருஷம் தள்ளி நின்றது சின்ன விஷயமில்லை. கை நடுங்கி, எரிச்சல் வந்தால் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது. வழக்கமான சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்காமல், காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட உதவுகிறார்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை. பெங்களூர் நண்பர் கொடுத்த லேபிள் இல்லாத பாட்டில் "சமையலறை ஷெல்ஃபில் பத்திரமாக" இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, பாட்டிலில் மாம்பழ வாசனை. 2014-இல் நியூயார்க் மாநிலத்தில் இந்தத் திரவத்தைக் குடித்து ஒரு வயதுக் குழந்தை இறந்தது. பாட்டிலை இறுக மூடி, உறையில் கட்டி, கையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். திரும்ப வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். குழந்தை எப்போதாவது வாயில் வைத்துவிட்டால் உப்புத் தண்ணீர், மோர் என்று கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலோடு நேராக அவசரப் பிரிவுக்கு.